பாராட்டு விழாப் படங்களுக்குள் வராத கணக்குகள்: கிழக்கின் கல்வி வலயங்கள் பற்றி

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் இரவில் எமது ஊர் இணையத்தளங்களையும் பேஸ்புக் பக்கங்களையும் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. வலயக் கல்வி அலுவலகம் தனது பகுப்பாய்வைத் தொடங்கும் முன்னரே 9 ஏ சித்தி பெற்ற மாணவர்களின் படம், பெயர், தந்தையின் தொழில், தாய் எந்தப் பாடசாலையில் ஆசிரியை என்பது வரை எல்லாம் வந்துவிடும். மறுநாள் பாடசாலை வாயிலில் பதாகை தொங்கும். அதற்கடுத்த வாரம் பாராட்டு விழா. பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி, பொன்னாடை, நினைவுச் சின்னம். முன்வரிசைக் கதிரைகளில் அதிதிகள் அமர்ந்திருப்பார்கள். பெறுபேறு பெற்ற பிள்ளைகள் பின்னால் நிற்பார்கள்.

வருடத்தின் மற்ற மாதங்களிலும் வலயச் செய்திகள் குறைவதில்லை. புதிய அதிபர் கடமையேற்றார், பணிப்பாளர் ஓய்வு பெற்றார், தமிழ்மொழித் தினப் போட்டியில் முதலிடம், இல்ல விளையாட்டுப் போட்டி, ஸ்மார்ட் வகுப்பறை திறப்பு, பழைய மாணவர் சங்கத்தின் புதிய நிர்வாகம். இவற்றை வெளியிடக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் படம் ஊர்ப் பக்கத்தில் வருவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பது ஆசிரியராக இருப்பவனுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் இவ்வளவு செய்திகளையும் ஒரு வருடம் முழுக்க வாசித்த பெற்றோர் ஒருவரிடம், "உங்கள் வலயத்தில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எத்தனை? இவ்வருடம் தரம் 1க்குப் பத்துப் பிள்ளைகள்கூடச் சேராத பாடசாலைகள் எவை?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. அந்தச் செய்தியை யாரும் அவருக்குத் தரவில்லை.

வலயச் செய்தி எப்படி இருக்க முடியும் என்பதை கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பார்த்தோம். உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு ஜனவரியில்தான் தொடர்ந்தது. இடைப்பட்ட வாரங்களில் எந்தப் பாடசாலை மீளத் திறக்கும், எங்கு இடம்பெயர்ந்தோர் தங்கியிருக்கிறார்கள், பரீட்சை எப்போது என்பதையே மக்கள் தேடினார்கள். ஊர்ப் பக்கங்களும் அதைத்தான் தந்தன. அந்த வாரங்களில் பொன்னாடை படங்கள் இல்லை, தகவல் இருந்தது. பின்னர் நிலைமை வழமைக்குத் திரும்பியது. செய்திகளும் வழமைக்குத் திரும்பின.

முதலில் சித்தி வீதம் என்ற சொல்லைப் பார்ப்போம். "எமது பாடசாலை 80 வீத சித்தி" என்று பதாகையில் எழுதப்படுகிறது. இந்த 80 வீதம் பரீட்சைக்குத் தோற்றியவர்களில் கணக்கிடப்படுவது. எடுத்துக்காட்டாக ஒரு பாடசாலையில் ஆறாம் தரத்தில் 100 பிள்ளைகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தரம் 11இல் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 70 பேர். அவர்களில் 56 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றால் சித்தி 80 வீதம். ஆறாம் தரத்தில் இருந்த 100 பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் அது 56 வீதம். பதாகையில் எழுதப்படும் இலக்கத்துக்கும் ஊரின் உண்மை நிலைக்கும் இடையில் 30 பிள்ளைகள் காணாமல் போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் வேறு பாடசாலைக்குப் போயிருப்பார்கள். சிலர் ஹிப்ழு மத்ரஸாவிலோ அரபுக் கல்லூரியிலோ சேர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதுவார்கள், ஒரு பகுதியினர் எழுத மாட்டார்கள். மீதிப் பேர் கடையில், தோணியில், மேசன் வேலையில், ஆட்டோவில் இருப்பார்கள். இடாப்பில் எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோடுதான்.

கட்டாயக் கல்வி வயது 5 முதல் 14 வரை என்று 1998 முதல் இருந்தது. 2016இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதற்குக் கிராம மட்டத்தில் குழுக்கள் இருக்க வேண்டும் என்பதும் அந்த ஒழுங்குவிதிகளில் உள்ளது. உங்கள் கிராம சேவகர் பிரிவில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்ற செய்தியை எந்த ஊர்ப் பக்கத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? எமது சமூகத்தில் ஆண் பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் தரங்களில் பாடசாலையை விட்டுப் போவது பற்றி ஜும்ஆப் பிரசங்கங்களில்கூடப் பேசப்படுகிறது. ஆனால் எந்தப் பாடசாலையிலிருந்து, எந்தத் தரத்தில், எத்தனை பேர் என்ற இலக்கம் இல்லாமல் பேசுவதால் அது ஒரு பொதுவான கவலையாகவே நின்றுவிடுகிறது. இலக்கம் இல்லாத கவலைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆசிரியர். இங்குதான் வலயத்தின் வரைபடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் 17 கல்வி வலயங்கள் உள்ளன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், தெஹியத்தகண்டி, மஹஓயா என்று ஏழு. இந்த எல்லைகள் வெறும் தூரத்தையும் வீதியையும் பார்த்து வரையப்பட்டவை அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொத்துவிலில் முஸ்லிம் பாடசாலைகள் அக்கரைப்பற்று வலயத்தில் இருக்கின்றன. அதே ஊரின் தமிழ்ப் பாடசாலைகள் திருக்கோவில் வலயத்தில். மட்டக்களப்பு மத்தி வலயம் இன்னும் விசித்திரமானது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இடையில் வேறு வலயங்களின் நிலம் கிடக்கிறது. இனரீதியான நிருவாக ஏற்பாடு என்பதற்குள் எமக்குக் கிடைத்த பாதுகாப்பும் இருக்கிறது, அதற்காக நாம் கொடுக்கும் விலையும் இருக்கிறது. ஒரு வேலிக்கு அந்தப்புறம் மேலதிகமாக இருக்கும் விஞ்ஞான ஆசிரியர் இந்தப்புறத்துப் பாடசாலைக்கு வர முடியாது. அவர் வேறு வலயம்.

பொத்துவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் 40 கிலோமீற்றருக்கு மேல் தூரம். பொத்துவிலுக்குத் தனியான கல்வி வலயம் வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைக் கண்டுவிட்டது. ஒவ்வொரு மேடையிலும் வாக்குறுதி, தேர்தல் முடிந்ததும் மௌனம். தனி வலயம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. புதிய அலுவலகம், புதிய பணிப்பாளர், புதிய வாகனம் என்பவை தாமாகவே ஒரு வகுப்பறைக்கு ஆங்கில ஆசிரியரைக் கொண்டுவந்து விடாது. ஆனால் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் அனுபவம் உண்மையானது. ஆசிரியர்கள் அதிகமாக வாழும் ஊர்கள் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரத்தில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து பொத்துவிலுக்கோ இறக்காமத்தின் உட்பகுதிக்கோ நியமனம் பெறுபவர் முதல் நாளிலிருந்தே திரும்பி வரும் வழியைத்தான் தேடுவார். அதிகாலை பஸ், பகல் வெயிலில் திரும்பும் பயணம், வீட்டில் சிறுபிள்ளை. அவரை முழுமையாகக் குறை சொல்லவும் முடியாது.

அந்தத் திரும்பும் வழிக்கு ஒரு பெயர் இருக்கிறது: இணைப்பு. ஆசிரியருக்கு முறையான இடமாற்றம் கிடையாது. ஆனால் "தற்காலிக இணைப்பில்" வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலைக்கு வந்துவிடுவார். அவரது சம்பளமும் பெயரும் தூரத்துப் பாடசாலையில் இருக்கும். ஆளணிக் கோவையைத் திறந்து பார்த்தால் அந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் இருக்கிறார். வகுப்பறையைத் திறந்து பார்த்தால் இல்லை. வெற்றிடம் என்று காட்டப்படாததால் புதிய நியமனம் வரும்போது அந்தப் பாடசாலைக்கு எவரும் அனுப்பப்படுவதும் இல்லை. நோய், பிரசவம், குடும்பச் சிக்கல் என்று உண்மையான காரணங்களுக்காக இணைப்புப் பெறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவை. அரசியல்வாதியின் கடிதத்தோடு வந்த இணைப்பு ஐந்து வருடம் நீடிப்பதைப் பற்றியே சொல்கிறேன். கல்வி அதிகாரிகளும், தொழிற்சங்கங்களும், சில நேரங்களில் கடிதம் கொடுத்த பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதில் பங்காளிகள்.

வலய மட்ட சராசரி இதை மேலும் மறைக்கிறது. வலயம் முழுவதும் ஆசிரியர்-மாணவர் விகிதம் நன்றாகவே இருக்கும். இஸ்லாம், தமிழ், சமூகக் கல்விப் பாடங்களில் நகரப் பாடசாலைகளில் மேலதிகம். விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் ஆகியவற்றில் உட்பகுதிப் பாடசாலைகளில் பற்றாக்குறை. இரண்டையும் கூட்டி வகுத்தால் பிரச்சினை இல்லாத ஒரு வலயம் கிடைக்கும். ஆரம்பப் பிரிவில் வாசிப்பு வராமல் ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு இந்தச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை.

இனி வரப்போகும் விடயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 2019இல் நாட்டில் பதிவான பிறப்புகள் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம். 2024இல் அது சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம். ஐந்தே வருடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. 2019இல் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் 2025இல் தரம் 1க்கு வந்தார்கள். 2024இல் பிறந்தவர்கள் 2030இல் வருவார்கள். அதாவது இன்று தரம் 1இல் 30 பிள்ளைகள் சேரும் ஒரு பாடசாலையில், வேறு எதுவும் மாறாவிட்டால், 2030இல் 20 பேர்தான் இருப்பார்கள். இன்று 12 பேர் சேரும் பாடசாலையில் 8 பேர்.

ஆனால் வேறு எதுவும் மாறாமல் இருக்காது. பிள்ளைகள் குறையும்போது ஊரின் பெரிய பாடசாலையில் இடம் உண்டாகும். முன்னர் அனுமதி கிடைக்காமல் சிறிய பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் அங்கு போய்விடுவார்கள். பெரிய பாடசாலையின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. குறைவு முழுவதும் சிறிய பாடசாலைகளின் தலையில் விழும். ஆளணி மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கப்படுவதால் பிள்ளைகள் போனதும் ஆசிரியர்கள் குறைக்கப்படுவார்கள். ஆசிரியர் குறைந்ததும் மிச்சமிருக்கும் பெற்றோரும் பிள்ளையைக் கொண்டுபோவார்கள். கடைசியில் அங்கு எஞ்சுபவர்கள் ஆட்டோவுக்கும் வேனுக்கும் மாதக் காசு கொடுக்க முடியாதவர்களின் பிள்ளைகள்தான்.

மிகக் குறைந்த மாணவர்களுடன் இயங்கும் பாடசாலைகளை என்ன செய்வது என்ற பேச்சு கடந்த வருடத்திலிருந்து பாராளுமன்றத்திலும் வெளியிலும் நடந்துவருகிறது. கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதத்தில் எல்லோருடைய கவனமும் பாடத்திட்டத்தின் மீதும், ஆறாம் தர மொடியூல் சர்ச்சையின் மீதும், அத்தரத்துக்கான மாற்றம் 2027க்கு ஒத்திவைக்கப்பட்டதன் மீதும் போய்விட்டது. சிறிய பாடசாலைகளின் விடயம் அதற்குப் பின்னால் அமைதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது. எமது பத்தி எழுத்தாளர்களும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதில் எமக்கென்று ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. முஸ்லிம் பாடசாலை என்ற வகைக்கு ரமழான் விடுமுறையோடு கூடிய வேறான தவணை அட்டவணை, இஸ்லாம், அரபுப் பாட ஆசிரியர்கள், பெண் பிள்ளைகளின் உடை என்று பல விடயங்கள் கட்டுப்பட்டிருக்கின்றன. கரையோர ஊர்களில் ஒரு முஸ்லிம் பாடசாலை மூடப்பட்டால் அரைக் கிலோமீற்றரில் இன்னொன்று இருக்கும். குருநாகல், அநுராதபுரம், பதுளை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் கிராமங்களில் அப்படியல்ல. அங்கு அடுத்த பாடசாலை வேறு மொழிமூலமாக இருக்கும். மூடப்படுவது ஒரு கட்டிடம் மட்டுமாக இருக்காது. அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் கல்வி மொழியே மாறும். அதை விரும்பித் தெரிவு செய்யும் பெற்றோர் ஏற்கனவே இருக்கிறார்கள், அது அவர்களது உரிமை. விருப்பத்தால் மாறுவதும் வேறு வழியில்லாமல் மாறுவதும் ஒன்றல்ல. பெண் பிள்ளைகளுக்குத் தூரம் என்பது இன்னொரு பொருளையும் தருகிறது. ஏழாம் தரப் பிள்ளையை இரண்டு பஸ் மாறி அனுப்பத் தயங்கும் தகப்பன் அவளை வீட்டில் நிறுத்துவதற்கு அதிக நாள் எடுக்காது. வடக்கில் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மக்கள் முசலி போன்ற இடங்களுக்குத் திரும்பியபோது குடும்பங்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கிறதா என்பதே.

அதற்காக இருக்கும் எல்லாச் சிறிய பாடசாலைகளையும் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று கோஷம் போடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எமது ஊர்களில் சில பாடசாலைகள் தேவைக்காகப் பிறந்தவை அல்ல. ஒரு குறிச்சிக்கும் மறு குறிச்சிக்கும் இருந்த போட்டி, ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தோடு கோபித்துக்கொண்ட குழு, ஒரு அரசியல்வாதியின் வாக்குவங்கி என்று பல காரணங்களால் கூப்பிடு தூரத்தில் இரண்டு பாடசாலைகள் எழுந்தன. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் பாடசாலையே இல்லாத ஊர்களுக்குப் பாடசாலை கிடைத்தது ஒரு வரலாறு. பின்னர் வந்த சில பாடசாலைகளின் வரலாறு வேறு. 1000 தேசிய பாடசாலைகள் என்ற திட்டம் வந்தபோது பல இடங்களில் பெயர்ப்பலகை மட்டும் மாறியதையும் பார்த்தோம். உள்ளே ஆய்வுகூடம் பழைய பூட்டோடு அப்படியே இருந்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து தரங்கள், மூன்று ஆசிரியர்கள் என்று இழுத்துக்கொண்டிருக்கும் பாடசாலை அந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் நீதி செய்யவில்லை. அருகருகே உள்ள இரண்டை இணைத்து ஒன்றை நல்ல ஆரம்பப் பாடசாலையாகவும் மற்றையதை இடைநிலைப் பாடசாலையாகவும் ஆக்குவது பற்றி ஊரே பேசி முடிவெடுக்கலாம். நாம் பேசாவிட்டால் கொழும்பிலோ திருகோணமலையிலோ ஒருவர் எக்செல் தாளில் கோடு போட்டு முடிவெடுப்பார். அவருக்கு எந்தப் பாடசாலைக்கு நடுவில் வாய்க்கால் ஓடுகிறது, எந்த வீதியில் யானை வருகிறது என்பது தெரியாது.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் இல்லை. மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவர் இல்லை, சபையில் எழுந்து கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லை. ஆளுநர், செயலாளர், மாகாணப் பணிப்பாளர், வலயப் பணிப்பாளர் என்று அதிகாரிகளின் வரிசை மட்டுமே இருக்கிறது. அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாக்காளனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எவருமில்லை. இந்த வெற்றிடத்தில்தான் ஊர் ஊடகங்களின் வேலை இருக்கிறது. பொன்னாடை படத்தை அனுப்பும் அதே ஊடகப் பிரிவிடம் ஒரு இலக்கத்தையும் சேர்த்து அனுப்பும்படி கேட்கலாம். பரீட்சைக்குத் தோற்றியவர்கள் எத்தனை என்பதோடு அதே தொகுதி ஆறாம் தரத்தில் எத்தனை பேராக இருந்தது என்பதைப் போட்டால் பாராட்டுச் செய்தி கெட்டுப்போகாது.

தகவல்கள் இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு வருடமும் எல்லா அரச பாடசாலைகளிலும் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர், ஆசிரியர், பாடம், கட்டிடம், மலசலகூடம் வரை படிவத்தில் நிரப்பி அனுப்புவது நாங்கள்தான். அந்தப் படிவங்கள் வலய அலுவலகத்தைத் தாண்டித்தான் மேலே போகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பெற்றோரும் வலய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை அதிகமில்லை: எமது வலயத்தில் பாடசாலை வாரியாகக் கடந்த ஐந்து வருடங்களில் தரம் 1க்குச் சேர்ந்தவர்கள், பாட வாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, உண்மையில் அந்தப் பாடசாலையில் கற்பிப்பவர்கள், இணைப்பில் வெளியே இருப்பவர்கள், அந்த இணைப்பு தொடங்கிய திகதி. கடைசி இரண்டையும் கேட்காமல் விட்டால் முதல் மூன்றுக்கும் அழகான பதில் வரும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டமும் இதற்கான இடம்தான். அங்கு பெரும்பாலும் பேசப்படுவது சுற்றுமதில், மேடை, நிறப்பூச்சு. பெற்றோர் பகல் வேலையை விட்டுவிட்டு வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போவார்கள். "என் மகளின் வகுப்புக்கு இந்தத் தவணை ஆங்கிலம் எத்தனை பாடவேளை நடந்தது?" என்று ஒரு தாய் எழுந்து கேட்டால் மண்டபம் அமைதியாகும். அதிபருக்கும் அது உதவிதான். வலயக் கூட்டத்தில் அவர் தனியாகச் சொன்னால் எடுபடாதது, கூட்டக் குறிப்பேட்டில் பெற்றோரின் கேள்வியாக ஏறினால் எடுபடும்.

அடுத்த வருடத் தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கை வழமைபோல் இவ்வருட நடுப்பகுதியில் வரும். அப்போது கிராம சேவகரின் சான்று, வாக்காளர் இடாப்பு, மின்பட்டியல் என்று ஓடத் தொடங்குவோம். எந்தப் பாடசாலையில் எத்தனை இடம், எத்தனை ஆசிரியர், எது இணைக்கப்படும் பட்டியலில் இருக்கிறது என்ற விபரங்கள் அதற்கு முன்னர் பெற்றோரின் கையில் இருக்க வேண்டுமானால், தகவல் விண்ணப்பத்தை இம்மாதமே வலய அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.